நின்றால் நானூறு, ஓடினால் நூறு

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அக்கா கல்யாணத்துக்கு இன்னும் பதினாறு நாள். ராஜபாளையத்திலிருந்து உடுமலைப்பேட்டைக்கு அப்பாவை எப்படிக் கொண்டுபோவது என்று இன்று வீட்டில் கூடிப் பேசினார்கள். அப்பா கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தார், மூக்கில் குழாயோடு. அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஆக்சிஜன் மிஷின் ஓடும்போது அவருக்குக் காது கேட்காது என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை.

மிஷின் என்பது சக்கரம் வைத்த சின்னப் பீரோ மாதிரி இருக்கும். அறைக் காற்றை இழுத்து ஆக்சிஜனைப் பிரித்து அப்பாவுக்குக் கொடுக்கும். அதற்கு 290 வாட் கரண்டு வேண்டும். கரண்டு நின்றால் அலறும். அப்பா அசையாமல் இருந்தால் பத்து நிமிடம் தாங்குவார். அதற்கு மேல் உதடு நீலமாகிவிடும்.

டாக்டர் ஆம்புலன்சில் போகச் சொன்னார். அம்மா மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள்.

"ஏனுங், நல்ல காரியத்துக்கு ஆம்புலன்சுல வந்து எறங்கறதுங்களா? மண்டபத்துக்கு முன்னாடி அந்த வண்டி நின்னா சனம் என்ன நெனைக்குமுங்? முடியலீன்னா உடுங்க. அவுங்க தம்பி இருக்காருல்லங், அவரே பொண்ணக் கைப்புடிச்சுக் குடுக்கட்டுமுங்."

தம்பி என்றால் வேல்ச்சாமி சித்தப்பா. எதிரே நாற்காலியில்தான் இருந்தார். "அண்ணன் வேற, நான் வேறயா மதினி?" என்று சொல்லிக்கொண்டே சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். மேடை அதற்குள் அவர் கண்ணில் வந்துவிட்டது.

அப்பா வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு ஒன்றுதான். சித்தப்பா அந்த மேடையில் ஏறக்கூடாது. அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 20, புதன்

சித்தப்பா கார் வாங்கி நாலு மாதம் ஆகிறது. சீட்டின் பாலிதீன் கவரை இன்னும் பிரிக்கவில்லை. உட்கார்ந்தால் முறுக்கு கடிக்கிற சத்தம் வரும். ஆனால் அதன் டிக்கியில் ஒரு பொருள் இருக்கிறது: நம் வீட்டுச் சுவரில் இருப்பது போன்ற ப்ளக். வண்டிக்குள்ளேயே இன்வெர்ட்டர். நான் பேட்டரிக் கடையில் வேலை பார்ப்பவள், பார்த்ததும் கை அரித்தது.

"சித்தப்பா, மிஷினை இதுல மாட்டினா அப்பா கார்லயே வந்துரலாம்ல?"

"அது எதுக்கு வச்சிருக்கான்னு எனக்கே தெரியல, பேச்சி. நோண்டாத."

"அப்ப சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் ஒண்ணு வச்சுக் கூட்டிட்டுப் போவோம்."

"கேஸ் சிலிண்டரா? என் வண்டியிலயா? கல்யாணத்துக்குப் போறமா, காரியத்துக்குப் போறமா?"

கேஸ் வேறு, ஆக்சிஜன் வேறு என்று பத்து நிமிடம் விளக்கினேன். "ரெண்டும் சிலிண்டர்தான?" என்றார். அம்மாவும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டாள். சிலிண்டர் கதை முடிந்தது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இன்று சோதனை. சித்தி சொன்னதால் சித்தப்பா சம்மதித்தார். மிஷினை டிக்கியில் ஏற்றி, அப்பாவைச் சீட்டில் உட்கார வைத்து, ப்ளக்கை மாட்டினேன். ஓடியது! தெருவே கூடிவிட்டது. எதிர் வீட்டு அக்கா கை தட்டினாள்.

சித்தப்பா வண்டியை எடுத்தார். ஐந்தடி போயிருக்கும். மிஷின் அலறியது. நாய்கள் குரைத்தன. நிறுத்தினார், ஓடியது. எடுத்தார், அலறியது. மூன்று முறை.

வண்டியின் புத்தகம் சித்தப்பா வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில், விபூதி வைத்து இருந்தது. எடுத்துப் படித்தேன். வண்டி நின்றால் அந்த ப்ளக் 400 வாட் கொடுக்கும். ஓடினால் 100 வாட்தான்.

ஓடுகிறவனுக்குக் குறைவு, சும்மா நிற்கிறவனுக்கு நிறைய. இந்த ஏற்பாட்டைச் செய்தவன் அப்பா வேலை பார்த்த மில்லில் பயிற்சி எடுத்தவனாக இருக்க வேண்டும்.

அப்பாவால் ஒரு மூச்சுக்கு இரண்டு மூன்று வார்த்தைதான் பேச முடியும். அதனால் வார்த்தையை வீணாக்க மாட்டார். இன்று முழுக்க அவர் பேசியது ஒன்றுதான்.

"நின்னுக்கிட்டே... போலாமா?"

சித்தப்பா சிரித்தார். பிறகு தெருக்காரர்கள் காதில் விழும்படி, "அன்னைக்கே சொன்னேன், பீடியக் குறைண்ணேன்னு" என்றார்.

அப்பா வாழ்நாளில் பீடி தொட்டதில்லை. மில்லில் பஞ்சை உடைத்துப் பறக்கவிடும் அறையில் பத்தொன்பது வருடம் நின்றார். இருமி விழுந்த அன்று மில்லின் டாக்டர் ஒரு சீட்டு எழுதினார்: 'நீண்டகாலப் புகைப்பழக்கம்.' அந்தச் சீட்டால் மில்லுக்குப் பொறுப்பு இல்லாமல் போனது. சீட்டை வாங்கிவந்து அம்மா கையில் கொடுத்தவர், அதே மில்லின் ஆபீசில் கிளார்க்காக இருந்த வேல்ச்சாமி சித்தப்பா. இப்போது அங்கேயே மேனேஜருக்கு அடுத்த நாற்காலி.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வண்டியிடம் பொய் சொல்வது என்று முடிவெடுத்தேன். ஓடும்போதே 'நீ நிற்கிறாய்' என்று அதை நம்ப வைத்தால் 400 கொடுத்துத்தானே ஆக வேண்டும்? கைப்பிரேக் போட்டிருப்பதாகக் காட்டும் ஒயர் எது என்று போனில் தேடி வைத்திருந்தேன். சித்தப்பா கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரத்தில் வேலையை முடித்தேன்.

சாயங்காலம் பத்திரிகை வைக்க எல்லோரும் கிளம்பினோம். வண்டி கிளம்பியதும் முன்னால் இருக்கும் திரையில் படம் ஓட ஆரம்பித்தது. சித்தியின் அண்ணன் பேத்தி காதுகுத்து வீடியோ. நின்றால் மட்டும்தான் திரையில் படம் வரும் என்று அந்த வண்டியில் ஒரு கட்டுப்பாடு இருந்திருக்கிறது. என் பொய்யைத் திரை நம்பிவிட்டது.

"ஐ, நம்ம சுமதி!" என்றாள் சித்தி.

வண்டிக்குள் பேசும் பெண் குரல் வேறு, கைப்பிரேக்கை எடு என்று விடாமல் இங்கிலீஷில் திட்டியது. சித்தப்பா கைப்பிரேக்கை இழுத்து இழுத்து விட்டார். காதுகுத்தில் குழந்தை வீறிட்டது. சித்தப்பாவும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

"என்னடி செஞ்ச வண்டிய?"

"ஏங்க, நல்லாத்தான இருக்கு, ஓடட்டும்" என்றாள் சித்தி.

நான் ப்ளக்கைச் சோதித்தேன். அதே 100. ப்ளக் கைப்பிரேக்கை நம்பவில்லை, சக்கரம் சுற்றுகிறதா என்று பார்க்கிறது. சக்கரத்திடம் பொய் சொல்ல எனக்குத் தெரியாது. யோசித்துப் பார்த்தால், ரோட்டில் போகிற வண்டியிடம் அந்த விளையாட்டு வேண்டாம்.

"கம்பெனி ஒயர்டி! கை வச்சா வாரண்டி போயிரும்! இனிமே தொட்ட, கைய ஒடிச்சிருவேன்!"

இரும்புக்கு மூன்று வருடம் வாரண்டி. மனுஷனுக்கு ஒரு சீட்டு.

ஆகஸ்ட் 25, திங்கள்

சித்தப்பா கார் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார்.

ஆகஸ்ட் 27, புதன்

அக்கா திருப்பூரிலிருந்து போன் செய்தாள். அவளும் மாப்பிள்ளையும் ஒரே பனியன் கம்பெனி ஆபீசில் வேலை.

"சித்தப்பாவே கைப்பிடிச்சுக் குடுக்கட்டும், பேச்சி. அப்பாவ அலைக்கழிக்காதடி."

"உனக்கு அப்பா வேணுமா வேண்டாமா?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. "ஜலதோஷம்" என்றாள். எங்கள் குடும்பத்தில் அழுகைக்கு ஜலதோஷம் என்று பெயர்.

மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு கையையும் முன்னால் நீட்டியிருந்தார். ஒரு கை மேல் இன்னொரு கை, நடுவில் எதையோ பிடித்திருப்பது போல. கண் சுவர்க் கடிகாரத்தில். கை நடுங்க நடுங்க விடாமல் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினார்.

"ஈ... ஓட்றேன்" என்றார்.

வீட்டில் ஈ இல்லை. ரசம் நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

எங்கள் தெருவில் நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும். இன்று முறை. குழாயில் நூல் மாதிரி விழுகிற தண்ணீருக்கு டிரம்மை வைத்துவிட்டு, நகராட்சியைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு செம்பு நிறையவே அரை நிமிடம் ஆகிறது. இதில் மனுஷன் எப்படிக் குளிப்பது?

அம்மா உள்ளேயிருந்து கத்தினாள்: "குழாய்லயா குளிக்கச் சொன்னேன்? டிரம்முல ரொம்பட்டும், அப்புறம் மொண்டு ஊத்திக்க!"

எழுந்து நின்றுவிட்டேன். டிரம் வழிந்தது. அதற்கும் திட்டு வாங்கினேன்.

ப்ளக்கிலேயே எதற்குக் குளிக்க வேண்டும்? நூறு நூறாக விழட்டும். நடுவில் ஒரு டிரம் வைத்தால் போதும். பேட்டரிக் கடையில் மூன்று வருடமாக வேலை பார்க்கிற எனக்கு இது பத்து நாள் கழித்துத் தோன்றுகிறது. படித்த பெண் என்று வெளியே சொல்லக்கூடாது.

ஆகஸ்ட் 30, சனி

கடையில் கேட்டு, ஆசிட் சிந்தாத மூடின பேட்டரி ஒன்றும் சின்ன இன்வெர்ட்டர் ஒன்றும் இரவல் வாங்கினேன். பேட்டரி தன் இன்வெர்ட்டர் வழியாக மிஷினுக்கு 290 கொடுக்கும். வண்டியின் ப்ளக்கில் பைக் பேட்டரிக்குப் போடும் குட்டி சார்ஜர். அது 85 வாட்தான் இழுக்கும். ஓடும்போது அதன் வழியாகப் பேட்டரியில் சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டே இருக்கும். எங்காவது நின்றால் மிஷினை நேராக வண்டி ப்ளக்கில் மாட்டி, பேட்டரிக்கு ஓய்வு கொடுக்கலாம்.

சித்தப்பாவிடம் பேசப் போனேன். கம்பெனி ஒயரைத் தொட மாட்டேன், பேட்டரிக்கு அடியில் பலகையும் அதற்கடியில் கோணியும் போடுவேன், பாலிதீன் கிழியாது. அவர் ஒவ்வொரு காரணமாகத் தேடினார். பேட்டரி கனம் என்றார். டிக்கியில் சீர்த்தட்டுக்கு இடம் வேண்டும் என்றார்.

சித்தி வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "உங்க அண்ணன் வரட்டுமேங்க. நீங்க மேடையேறி என்னத்தக் கிழிக்கப் போறீங்க?"

சித்தப்பா என்னைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தார். "அண்ணனுக்கு வழியில ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா? ஊரு என்னையத்தான சொல்லும்?"

அந்தக் குரலை நான் முன்பு கேட்டதில்லை. பயந்த குரல். கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

"சரி, கொண்டு வந்து தொலை" என்றார்.

செப்டம்பர் 1, திங்கள்

வீட்டில் சோதித்தேன். பேட்டரி மட்டும் என்றால் மூன்று மணி இருபது நிமிடம். சார்ஜர் வழியாக ஏறுவதையும் சேர்த்தால் நாலரை மணி. பயணம் ஐந்தரை. மீதியை நின்று நின்று சம்பாதிக்க வேண்டும்.

செப்டம்பர் 3, புதன்

மண்டப அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வந்து சேர்ந்துவிட்டோம்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். அப்பா சலவை வேட்டியில், பாலிதீன் கவர் மேல், கோயிலில் வைத்த மாதிரி அசையாமல் இருந்தார். திருமங்கலத்தில் டீக்கு நிறுத்தினோம். வண்டியை ஆஃப் செய்யாமல் மிஷினை நேர் ப்ளக்கில் மாற்றினேன். டீ குடிக்க எங்களுக்கு முப்பது நிமிடம் ஆனது. டீக்கடைக்காரர் டம்ளரை வாங்க இரண்டு முறை வந்துவிட்டார்.

திண்டுக்கல் தாண்டியதும் சித்தப்பாவுக்கே அதில் ருசி தட்டிவிட்டது.

"இப்ப எவ்வளவு இருக்கு?"

"பாதி, சித்தப்பா."

"ஏசிய அமத்தவா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"இருந்தாலும் அமத்துறேன்." அமத்தினார். எல்லோரும் வெந்தோம். சித்தி அவருடைய பரம்பரையைத் திட்டினாள். அந்தப் பரம்பரையில் நானும் இருப்பதை அவள் மறந்துவிட்டாள்.

பழனிக்கு முன்னால் பேட்டரி 'பீப்' அடிக்க ஆரம்பித்தது. இன்னும் ஒரு மணி நேரப் பயணம். அம்மா எல்லாச் சாமியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒரு வளைவில் திரும்பினால் ரயில்வே கேட், மூடிக்கொண்டிருந்தது.

முன்னால் லாரிக்காரன் ஸ்டீயரிங்கில் அடித்தான். பின்னால் பஸ்காரன் ஹார்னை அழுத்தியே பிடித்தான். அப்பா திடீரென்று கையைத் தூக்கினார்.

"நின்னாச்சு! ...நானூறு!"

சித்தப்பா இறங்கி ஓடி டிக்கியைத் திறந்தார். நான் மாற்றினேன். 'பீப்' நின்றது. சார்ஜரையும் கூடவே சேர்த்து மாட்டினேன். வந்தது கூட்ஸ் ரயில். அந்த ரோட்டில் அத்தனை பேரும் ரயிலைச் சபிக்க, நாங்கள் ஐந்து பேர் மட்டும் அது நீளமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டோம். சித்தப்பா பெட்டிகளை எண்ணினார். நாற்பத்தி இரண்டு. போதவில்லை. கேட்டைத் திறந்த பிறகும் வண்டியை எடுக்காமல் ஓரங்கட்டி இருபது நிமிடம் நின்றோம். பஸ்காரன் கடந்து போகும்போது எங்கள் குடும்பத்தைப் பற்றி ஒரு கருத்துச் சொன்னான்.

மண்டபத்தில் நுழையும்போது பேட்டரி கடைசி 'பீப்'பில் இருந்தது. வாசலில் மாப்பிள்ளையின் அம்மா: "வாங்கொ வாங்கொ! பாருங், கார்லயே வந்துட்டீங்க. எத்தனை லட்சணமா இருக்குது!"

அக்கா ஓடிவந்து அப்பா கையைப் பிடித்தாள். ஜலதோஷம் முற்றிவிட்டது.

பேட்டரியை மணமகள் அறையில் சார்ஜ் போட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 4, வியாழன்

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்து. அப்பா மேடையில் மணைக்குப் பக்கத்தில் நாற்காலியில். பின்னால் மிஷின், மேடைச் சுவர் ப்ளக்கில். ஓமப்புகை அப்பா பக்கம் வராமல் தள்ள ஒரு டேபிள் ஃபேனும் வைத்திருந்தேன். சித்தப்பா பட்டு வேட்டியில் மேடை ஓரம். 'எதற்கும் தயாராக' என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்பது இருபதுக்குக் கரண்டு போனது.

மண்டபம் இருண்டது. மேளம் தொடர்ந்தது, அதற்குக் கரண்டு வேண்டாம். அதையும் மீறி மிஷின் அலறியது.

அறைக்கு ஓடினேன். என் சார்ஜர் தரையில் கிடந்தது. அது இருந்த ப்ளக்கில் முடியை நேராக்கும் மிஷின் தொங்கியது. அக்காவுக்கு அலங்காரம் செய்ய வந்த பெண் நேற்றே பிடுங்கிவிட்டிருக்கிறாள். "சும்மா பல்பு எரிஞ்சுட்டிருந்துச்சுங்க்கா, வேஸ்ட்டுன்னு எடுத்தேன்." பேட்டரி செத்துக் கிடந்தது.

ஜெனரேட்டர் எங்கே? ஜெனரேட்டர் இருக்கிறது, அறைக்குப் பூட்டும் இருக்கிறது. சாவி ஆபரேட்டர் பையில். ஆபரேட்டர் இரண்டாவது பந்தியில். நான் போய் நின்றபோது கேசரி இரண்டாம் முறை கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எந்திரிங்க!"

மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்துவிட்டார். "அய்யோ அம்மிணி, எலையில உக்காந்தவங்கள எழுப்பப்படாதுங்! அதும் இன்னைக்கு!"

"சாவிய மட்டுமாவது குடுங்கண்ணே!"

"எச்சக் கையிங்க" என்றார் ஆபரேட்டர். "அந்த மிஷினு என் கைக்குத்தானுங்க ஓடும். ரெண்டே நிமிசமுங்க, பாயசம் வந்துரும்."

மேடைக்குத் திரும்பினேன். நாலு நிமிடம் போயிருந்தது. அப்பா கையை மடியில் வைத்து, கடிகாரம் இல்லாத சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயர் அவசரப்பட்டார்: "பொண்ணோட அப்பாவால முடியலேன்னா, சித்தப்பா வந்து உட்காரலாம்."

எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். மேடை, பட்டு வேட்டி, வீடியோக்காரர், எல்லாம் தயார். பதினாறு நாளாக அவர் காத்திருந்த நிமிடம் அது. அவர் அப்பாவின் உதட்டைப் பார்த்தார்.

"பேச்சி, நின்னா நானூறுதான?"

"ஆமா சித்தப்பா."

மேடையிலேயே, நானூறு பேர் முன்னால், வேட்டி மடிப்பைத் தளர்த்தி அரைஞாணில் சாவியைத் தேடினார். முடிச்சு அவிழவில்லை. பல்லுக்கு எட்டவில்லை. கயிற்றையே அறுத்துக்கொண்டு ஓடினார்.

கார் மண்டப வாசலுக்குள் வந்தது. ஒரு வாழைமரம் சாய்ந்தது. வரவேற்புத் தட்டு வைத்த மேசை நகர்ந்தது. பன்னீர்ச் செம்பு உருண்டது. நாதஸ்வரக்காரரின் எக்ஸ்டென்ஷன் ஒயரை நான் உருவிக்கொண்டேன். டிக்கியிலிருந்து இழுத்து, பந்தல் காலைச் சுற்றி, மேடை வரை கொண்டுவந்து மாட்டினேன். மிஷின் இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது.

எட்டரை நிமிடம்.

அப்புறம்தான் கூட்டம் என்னிடம் வந்தது. வீடியோக்காரர் லைட் கேட்டார். ஐயர் மைக் கேட்டார். மாப்பிள்ளையின் அம்மா, "அம்மிணி, அந்தக் காருல இருந்து மேடைக்கும் கொஞ்சூண்டு பவர் குடுக்க முடியுமுங்களா? இருட்டுல தாலி கட்டுனா நல்லா இருக்குங்களா?" என்றார்.

கணக்குப் போட்டேன். அப்பாவுக்கு 290. புகை தள்ளும் ஃபேனுக்கு 50. மிச்சம் 60.

"ஒரு பல்பு தரலாங்க" என்றேன். இப்படி ஒரு வாக்கியம் சொல்ல என் வாழ்க்கையில் மறுபடி வாய்ப்பு வராது. அதனால் இரண்டு முறை சொன்னேன்.

டிரைவர் சீட்டிலிருந்து சித்தப்பா கத்தினார்: "ஏ, வேற யாரும் கை வைக்காதீங்கப்பா! கம்பெனி ஒயர்!"

ஒரு பல்பு வெளிச்சத்தில் அப்பா அக்காவின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்தார். ஐயர் மந்திரத்தை இழுத்தார். அப்பா கையை எடுக்கவில்லை, நடுங்கவும் இல்லை. எத்தனை நாள் ஈ ஓட்டிய கை.

தாலி கட்டி முடிந்த பிறகு ஜெனரேட்டர் ஆபரேட்டர் கை துடைத்துக்கொண்டே வந்தார். "கரண்டு போயிருச்சுங்களா?"

சித்தப்பா கல்யாணத்தைப் பார்க்கவில்லை. எஞ்சின் அணைந்துவிடக் கூடாது என்று கடைசிவரை காரிலேயே உட்கார்ந்திருந்தார்.

செப்டம்பர் 5, வெள்ளி

காலையில் கிளம்பும்போது மாப்பிள்ளையின் அப்பா காருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நல்ல மனுஷன். அப்பாவின் குழாயைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "ரொம்ப நாளா பீடிப் பழக்கமுங்களா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார்.

"பீடி இல்லீங்க" என்றார். "பஞ்சு."

சொல்லிவிட்டு, சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துணி எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பேட்டரி இந்த முறை முழுசாக ஏறியிருந்தது. அறை வாசலில் நானே காவலுக்குப் படுத்திருந்தேன். ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் சித்தப்பா வண்டியை ஓரங்கட்டினார். டீக்கடை இல்லை, ஒன்றும் இல்லை. எஞ்சினை அணைக்கவில்லை.

"ஏன் சித்தப்பா நிறுத்திட்டீங்க?"

"நின்னா நானூறு வரும்ல. அண்ணன் கொஞ்ச நேரம் நல்லா மூச்சு விடட்டும்."

வண்டி நின்றாலும் ஓடினாலும் அந்த மிஷின் இழுப்பது 290தான். அப்பாவுக்கு வருகிற காற்றும் ஒரே அளவுதான். மூன்று வருடம் பேட்டரிக் கடையில் இருப்பவளுக்கு இது தெரியாதா?

"சரி சித்தப்பா" என்றேன். இறங்கிப் போய் ப்ளக்கை மாற்றி மாட்டினேன்.